தேடுபொறிகளின் போட்டி: வென்றவர் யார்? பயனடைந்தவர் யார்?

ஒரு கடைத்தெருவிலே ஒரேயொரு பலசரக்குக் கடை இருந்தால் அங்கே நிறை குறையும், விலை கூடும், கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பதற்கும் கடைக்காரருக்கு அலுப்பு உண்டாகும். எதிர்ப்புறத்தில் இன்னொரு கடை திறக்கப்பட்ட மறுநாளே தராசு நேராகிவிடும். முகத்திலும் மலர்ச்சி தோன்றிவிடும். வாணிகத்திலே போட்டி நன்மை செய்யும் என்போர் காட்டும் உதாரணம் இதுவே. ஆனால், பணம் ஏதும் வாங்காமலே பண்டம் கொடுக்கும் கடைகளுக்கிடையில் போட்டி மூண்டால் என்ன நிகழும்? கொள்வோர் எதனை விலையாகக் கொடுக்கின்றனர்? கொடுப்போர் யாரிடமிருந்து இலாபம் பெறுகின்றனர்?

இக்கேள்விகளுக்கு விடை காண விரும்புவோர் இணையத் தேடுபொறிகளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். மாணவர் கட்டுரை எழுதுவதற்கும், இல்லத்தரசியர் பலகாரம் ஒன்றின் பக்குவத்தை அறிவதற்கும், நோயாளியின் உறவினர் மருந்தொன்றின் குணத்தை விசாரிப்பதற்கும் இன்று முதலில் நாடுவது தேடுபொறியையே. வாசிகசாலைக்குச் சென்று நூல்களைப் புரட்டிய பழக்கம் குறைந்து, நான்கு சொற்களைத் தட்டிவிட்டு முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் வளர்ந்துவிட்டது. அங்ஙனமாயின், முதலில் வந்து நிற்பது ஏன் முதலில் வந்து நிற்கின்றது என்பதை அறிந்திருத்தல் நமது கடமையன்றோ?

பட்டியல் எழுதிய காலம்

உலகளாவிய வலை பொதுமக்களிடையே பரவுவதற்கு முன்னரே தேடும் தொழில் தொடங்கிவிட்டது. 1990ஆம் ஆண்டில், கனடாவின் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திற் பயின்ற அலன் எம்டேஜ் என்பவர் ‘ஆர்ச்சி’ என்னும் கருவியை உருவாக்கினார். இவர் பார்படோஸ் தீவிற் பிறந்தவர். பல்வேறு கணனிகளிற் கிடந்த கோப்புகளின் பெயர்களை ஆர்ச்சி தொகுத்து வைத்திருந்தது. பெயரைத் தவிர, கோப்பின் உள்ளே யாது எழுதப்பட்டுள்ளது என்பதை அது அறியாது. நூல்களின் முதுகிலுள்ள தலைப்பை மாத்திரம் படித்துவிட்டு, உள்ளே திறந்து பாராத நூலகரைப் போன்றது அது.

1994ஆம் ஆண்டில் இரு வேறு வழிகள் தோன்றின. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களாகிய ஜெரி யாங், டேவிட் ஃபைலோ என்னும் இருவரும் தமக்குப் பிடித்த இணையத்தளங்களைத் துறைவாரியாக வகுத்து ஒரு பட்டியல் எழுதினர். அதுவே பின்னர் ‘யாஹூ’ ஆயிற்று. மனிதர் படித்து, மனிதர் வகுத்து, மனிதர் எழுதிய பட்டியல் அது. அதே ஆண்டிலே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரையன் பின்கேர்ட்டன் ‘வெப்கிரோலர்’ என்ற பொறியை அமைத்தார். பக்கங்களிலுள்ள சொற்கள் அனைத்தையும் எடுத்து அடைவு செய்த முதற் பொறி அது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து ‘லைக்கோஸ்’ வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

தேடுபொறி செய்யும் வேலைகள் மூன்று. முதலாவது, இணையத்திலே இணைப்புக்கு இணைப்புத் தாவி, பக்கங்களைத் திரட்டி வருதல். இரண்டாவது, திரட்டிய பக்கங்களுக்குச் சொல்லடைவு அமைத்தல். பெரிய நூலொன்றின் இறுதியிலே ‘இன்ன சொல் இன்ன பக்கங்களில் வருகின்றது’ என்று அச்சிட்டிருப்பார்களே, அதனையொத்த அடைவு இது. மூன்றாவது, ஒரு சொல்லுக்குப் பல்லாயிரம் பக்கங்கள் அகப்படும்போது அவற்றுள் எதனை முன்னே வைப்பது, எதனைப் பின்னே வைப்பது என்று தீர்மானித்தல். முதலிரண்டும் உழைப்பு, மூன்றாவது தீர்ப்பு. தேடுபொறிகளின் வெற்றி தோல்விகள் யாவும் இம்மூன்றாவது வேலையிலேதான் நிருணயிக்கப்பட்டன.

எண்ணிக்கையில் வென்றவர் தோற்ற கதை

தொடக்கத்தில் அவ்வுண்மையை எவரும் உணரவில்லை. யார் அதிகம் பக்கங்களைத் திரட்டி வைத்திருக்கின்றார் என்பதே போட்டியாக இருந்தது. 1994இல் இயங்கிய பொறியொன்றின் அடைவிலே ஏறக்குறைய 1 இலட்சத்து 10 ஆயிரம் பக்கங்களே இருந்தன. 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆந் திகதி ‘அல்டாவிஸ்டா’ வந்தபோது அதன் அடைவில் சுமார் 1 கோடியே 60 இலட்சம் பக்கங்கள் இருந்தன. டிஜிற்றல் எனப்படும் கணனிக் கம்பனி, தான் விற்பனை செய்த கணனிகளின் வேகத்தை உலகுக்குக் காட்டும் பொருட்டே இப்பொறியை அமைத்தது. விளம்பரப் பொருளாக வந்தது தானே ஒரு பெரும்பொருளாகிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் அது விடை தந்த வேகத்தைக் கண்டு அக்காலத்தவர் வியந்தனர்.

ஆனால், அடைவு பெருகப் பெருகத் துன்பமும் பெருகிற்று. கேட்ட சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகின்றது என்பதே அக்காலப் பொறிகளுக்குப் பெரிய அளவுகோல். இதனை உணர்ந்த தந்திரசாலிகள், வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதுவதுபோல, மனிதர் கண்ணுக்குத் தெரியாத நிறத்திலே ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தனர். பொறி ஏமாந்தது, பயனில்லாப் பக்கங்கள் முன்வரிசையில் வந்து அமர்ந்தன. அக்காலத்து நிலையை விளக்குதற்கு ஒரு செய்தி போதும். 1997ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், முதன்மையான நான்கு வாணிகத் தேடுபொறிகளிலும் அவ்வவற்றின் சொந்தப் பெயரையே கொடுத்துத் தேடியபோது, முதற் பத்து விடைகளுள் தன்னைத் தானே கண்டுபிடித்துக் காட்டியது ஒன்று மாத்திரமே! தன் வீட்டையே அடையாளங் காட்ட மாட்டாதவன் ஊருக்கு வழிகாட்டுவது எங்ஙனம்?

வாசலில் மறித்து நின்றவர்கள்

இக்குறையைத் தீர்ப்பதிலே பொறிகள் தம்முள் போட்டியிட்டிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். அவை அங்ஙனஞ் செய்யவில்லை. வந்தவர் போய்விடக் கூடாதே என்ற கவலை அவற்றைப் பற்றிக்கொண்டது. தேடுபொறி என்பது வருவோரை வேறிடத்துக்கு அனுப்பி வைக்கும் வாசல். விளம்பரத்தால் வாழும் கம்பனிக்கோ, வந்தவர் எவ்வளவு நேரம் தங்குகின்றாரோ அவ்வளவுக்கு வருமானம். ஆகவே, தேடுபொறிகள் தமது முகப்பிலே செய்தி, சோதிடம், காலநிலை, பங்குச் சந்தை, அரட்டை, விளையாட்டு என்று எல்லாவற்றையும் குவித்தன. தேடும் பெட்டி அக்குவியலின் நடுவே ஒரு மூலையில் ஒடுங்கிற்று. எக்சைட், லைக்கோஸ், இன்ஃபோசீக் முதலியன யாவும் இவ்வழியே சென்றன. 1999இல் அல்டாவிஸ்டாவும் தனது பழைய எளிமையைக் கைவிட்டு இக்கூட்டத்திற் சேர்ந்தது.

இந்த மனப்பான்மையின் விளைவை எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்டான்போர்ட் மாணவர் இருவர் தாம் ஆக்கிய புதிய பொறியை எக்சைட் கம்பனிக்கு விற்க முன்வந்தனர். கேட்ட விலை முதலில் 10 இலட்சம் டொலர். பின்னர் அது ஏழரை இலட்சமாகக் குறைக்கப்பட்டது. எக்சைட் மறுத்துவிட்டது. மறுத்த கம்பனி 2001இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. விற்க முடியாமற் போன பொறியின் பெயர் கூகிள்.

அவ்விருவரையும் ஏற்காதவர்களை அறிவிலிகள் என்று நாம் நகைப்பது எளிது. ஆயினும் அவர்கள் தமது கணக்கின்படி சரியாகவே நடந்தனர். விடையை விரைவில் தரும் பொறி, வந்தவரை விரைவில் வெளியேற்றும் பொறி அல்லவா? வருபவரின் நன்மையும் கம்பனியின் வருமானமும் எதிரெதிர்த் திசையில் நிற்கும்போது, வருமானத்தின் பக்கம் சாய்வது வாணிகத்தின் இயல்பு. இந்த முரண்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். இக்கதையின் இறுதிவரை அது நம்மோடு வரும்.

இரு மாணவர் கண்ட உபாயம்

லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் அம்மாணவர்கள் கண்ட உபாயம் யாது? வைத்தியர் ஒருவரை நாடிச் செல்பவர் அவருடைய வாசலில் தொங்கும் பலகையை நம்புவதில்லை. ‘அவர் கைராசிக்காரர்’ என்று அயலார் சொல்வதையே நம்புவர். அதிலும், நோயறியாதார் நூறு பேர் சொல்வதைக் காட்டிலும் தேர்ந்த வைத்தியர் ஒருவர், ‘இந்நோய்க்கு அவரிடம் போ’ என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம். இணையத்திலே ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதும் இத்தகைய பரிந்துரையே. ஆகவே, ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தான் சொல்வதைக் கொண்டன்றி, அதனைப் பற்றிப் பிற பக்கங்கள் சொல்வதைக் கொண்டு மதிப்பிடல் வேண்டும். சொல்லும் பக்கத்தின் மதிப்பையும் அதேவிதமாக அளந்து கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்று இவர்கள் கருதினர். இக்கணக்குமுறைக்கு லாரி பேஜின் பெயரையொட்டிப் ‘பேஜ்ராங்க்’ என்று பெயரிட்டனர்.

1998ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஆன்டி பெக்டோல்ஷைம் என்ற கணனி வல்லுநர் இவர்களுடைய பொறியைக் கண்டு 1 இலட்சம் டொலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். மறுமாதம் கம்பனி பதிவாயிற்று. ஒரு வீட்டின் மோட்டார் வாகனக் கொட்டகையே முதல் அலுவலகம். அதன் முகப்பிலே சோதிடமும் இல்லை, அரட்டையும் இல்லை. வெண்மையான பக்கத்தின் நடுவே ஒரு பெயரும் ஒரு பெட்டியும் மாத்திரமே இருந்தன. மறித்து நிற்பவர்களின் நடுவே வழிவிட்டு நின்ற ஒருவரை மக்கள் இனங்கண்டுகொண்டனர். விடையை வாங்கிக்கொண்டு விரைந்து போனவர்களே மறுநாளும் திரும்பி வந்தனர். 2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாஹூ கம்பனியே தனது தளத்திலே தேடும் வேலையைக் கூகிளிடம் ஒப்படைத்தது. தன் முற்றத்திலே பிறிதொருவனைக் கடை வைக்க விட்ட அச்செயலுக்கு யாஹூ பின்னர் வருந்த நேர்ந்தது.

விலை கொடுப்பவர் யார்?

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தேடுபவர் பணம் கொடுப்பதில்லை. எனின், பணம் எங்கிருந்து வருகின்றது? 1998இல் பில் குரொஸ் என்பவர் ஆரம்பித்த ‘கோடூ’ என்னும் பொறி இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு சொல்லை எவரேனும் தேடும்போது முன்னே நிற்க விரும்பும் வணிகர் அவ்விடத்தை ஏலத்தில் எடுக்கலாம். தேடுபவர் அவ்விணைப்பை அழுத்தினால் மாத்திரமே அவர் பணம் செலுத்தல் வேண்டும். கூகிள் 2000ஆம் ஆண்டில் விளம்பரத் திட்டமொன்றை ஆரம்பித்து, 2002இல் அதனையும் ஏல முறைக்கு மாற்றியது. ஆனால் இரண்டு திருத்தங்கள் செய்தது. விளம்பரங்களை விடைகளோடு கலவாமல் தனியே பிரித்து வைத்தது. அதிக பணம் கொடுப்பவரை மாத்திரமன்றி, அதிகம் பேர் அழுத்தும் விளம்பரத்தையும் மேலே வைத்தது. கோடூ பின்னர் ஓவர்ச்சர் எனப் பெயர் மாறி, 2003இல் சுமார் 163 கோடி டொலருக்கு யாஹூவின் உடைமையாயிற்று.

இவ்விடத்திலே நினைவுகூரத் தக்க செய்தி ஒன்றுண்டு. பேஜும் பிரினும் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையின் பின்னிணைப்பிலே, விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரக்காரர் பக்கம் சாயும். தேடுபவரின் தேவைக்கு விலகி நிற்கும் என்று எச்சரித்திருந்தனர். எச்சரித்தவர்களே பின்னாளில் உலகின் மிகப் பெரிய விளம்பரக் கம்பனிக்கு அதிபதிகளாயினர். அமெரிக்காவின் கூட்டிணைந்த வாணிப ஆணைக்குழு 2002ஆம் ஆண்டிலே தேடுபொறிக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதி, பணம் பெற்றுக் காட்டும் விடைகளை ஏனையவற்றிலிருந்து தெளிவாக வேறுபடுத்துமாறு அறிவுறுத்தியது. ஆகவே, தேடுபவர் கொடுக்கும் விலை பணமன்று, அவருடைய கவனம். அவர் எதைத் தேடுகின்றார், எதை அழுத்துகின்றார் என்னும் விபரமும் அவ்விலையோடு சேர்ந்தது.

எதிர்த்து நின்றோர்

கூகிளை எதிர்த்தோர் பலர். யாஹூ 2004இல் கூகிளை விலக்கித் தானே தேடத் தொடங்கியது. 2005 ஓகஸ்டில் தனது அடைவிலே 1,920 கோடி ஆவணங்கள் உண்டென்று அது அறிவித்தது. அப்போது கூகிளின் முகப்பிற் காணப்பட்ட எண்ணிக்கை 816 கோடிக்குச் சற்று மேல். மறுமாதம் கூகிள் அவ்வெண்ணையே தன் முகப்பிலிருந்து எடுத்துவிட்டது. எண்ணிக்கைப் போட்டி அத்தோடு பொருளிழந்தது. அதனை உணராது 2008இல் ‘குயில்’ என்ற பொறி 12,000 கோடி பக்கங்கள் தன்னிடம் உண்டென்று முழங்கிக்கொண்டு வந்தது. பெயரைப் பார்த்து நம் பறவையென்று எண்ணிவிடாதீர்கள். அஃது அமெரிக்கப் பொறி. கேட்டதற்குப் பொருந்தாத விடைகளையே அது கூவியமையால் 2010இல் மறைந்தது.

மைக்ரோசொப்ட் கம்பனி பொருட்செல்வத்திற் குறைந்ததன்று. 2008இல் யாஹூவை விலைக்குக் கேட்டு 4,460 கோடி டொலர் தருவதாகச் சொல்லியது, யாஹூ இணங்கவில்லை. அவ்வாண்டிலேயே, தன் பொறியின் வழியாகப் பொருள் வாங்குவோருக்கு விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கி, 2010இல் அதனைக் கைவிட்டது. 2009இல் ‘பிங்’ என்ற பெயரிலே புதுப்பொறியை அறிமுகஞ் செய்தது. கப்ரியல் வைன்பேர்க் என்பவர் 2008இல் தொடங்கிய ‘டக்டக்கோ’, தேடுவோரின் விபரங்களைச் சேகரிப்பதில்லை என்ற உறுதிமொழியால் ஒரு கூட்டத்தாரின் நம்பிக்கையைப் பெற்றது. ஆயினும், தேடல் விடைகளுக்கு அது பெரும்பாலும் பிங்கையே சார்ந்திருக்கின்றது. யாஹூவின் பிரதான தொழில் 2017இல் வேறொரு கம்பனிக்கு விற்கப்பட்டது. ஒரு காலத்தில் உலகம் வியந்த அல்டாவிஸ்டாவின் கதவு 2013 யூலை 8ஆந் திகதி மூடப்பட்டது.

வேற்று மொழி நாடுகளிலே கதை சற்று வேறுபட்டது. ரஷ்யச் சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறுபவை. 1997இல் வந்த ‘யாண்டெக்ஸ்’ அவ்வுருமாற்றத்தை அறிந்து தேடியதால் அங்கே வேரூன்றியது. 1999இல் தென்கொரியாவில் தோன்றிய ‘நேவர்’, கொரிய மொழியில் இணையப் பக்கங்கள் குறைவாக இருந்தமையைக் கண்டு, மக்களே வினாவெழுப்பி மக்களே விடையளிக்கும் அரங்கொன்றை 2002இல் அமைத்து வெற்றிகண்டது. சீனாவில் 2000இல் தொடங்கிய ‘பைடு’ முதலிடம் பெற்றது. தணிக்கை பற்றிய பிணக்கினால் 2010இல் கூகிள் சீனப் பெருநிலத்திலிருந்து தன் தேடுபொறியை விலக்கிக்கொண்டது.

வாசலை விலைக்கு வாங்குதல்

இத்தனை பேர் எதிர்த்தும் கூகிள் அசையாது நின்றதற்குக் காரணம் அதன் திறமை மாத்திரமா? திறமை உண்டு; அதனை மறுப்பார் இலர். 2011இலும் 2012இலும் பயனற்ற பக்கங்களையும் பொய் இணைப்புகளையும் கீழே தள்ளுதற்கு அது பெருந் திருத்தங்கள் செய்தது. ஆனால் வேறொரு காரணமும் உண்டு. ஒருவர் கைத்தொலைபேசியை வாங்கித் திறக்கும்போது அதில் எத்தேடுபொறி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கின்றதோ, அதனையே பெரும்பாலோர் மாற்றாமற் பயன்படுத்துகின்றனர். அவ்விடத்தைப் பெறுவதற்காகத் தொலைபேசிக் கம்பனிகளுக்கும் உலாவிக் கம்பனிகளுக்கும் கூகிள் 2021ஆம் ஆண்டில் மாத்திரம் 2,630 கோடி டொலர் கொடுத்தமை நீதிமன்றத்தில் வெளியாயிற்று. இதிலே பெரும்பங்கு அப்பிள் கம்பனிக்குச் சென்றது.

இதனால் விளையும் தீமை நுட்பமானது. மக்கள் எதை அழுத்துகின்றனர், எதை ஒதுக்குகின்றனர் என்பதைப் பார்த்துப் பார்த்தே தேடுபொறி கற்றுக்கொள்கின்றது. அதிகம் பேர் வரும் பொறி அதிகம் கற்கும். அதிகம் கற்ற பொறிக்கு அதிகம் பேர் வருவர். வாசலை ஒருவரே வாங்கிவிட்டால் மற்றவருக்குக் கற்கும் வாய்ப்பே இல்லாமற் போகும்.

அமெரிக்க நீதித் திணைக்களம் 2020 ஒக்டோபரில் வழக்குத் தொடுத்தது. மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்தவரும், 2015 முதல் கூகிளின் பிரதம நிறைவேற்று அதிகாரியுமான சுந்தர் பிச்சையும் 2023 ஒக்டோபரில் சாட்சியம் அளித்தார். 2024 ஓகஸ்ட் 5ஆந் திகதி நீதிபதி அமித் மேத்தா, கூகிள் தனியுரிமையாளராய் இருப்பதோடு அந்நிலையைச் சட்டத்துக்கு மாறாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். 2020இல் அந்நாட்டுத் தேடல்களில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறும், கைத்தொலைபேசியில் ஏறக்குறைய 95உம் கூகிளின் வழியே சென்றமை அத்தீர்ப்பிற் காணப்படுகின்றது. 2025 செப்டெம்பரில் பரிகாரம் விதித்தபோது, கம்பனியின் உலாவியை விற்குமாறு அவர் கட்டளையிடவில்லை. பிறரைப் புறந்தள்ளும் தனி ஒப்பந்தங்களைத் தடைசெய்து, தேடல் விபரங்களிற் சிலவற்றைப் போட்டியாளருடன் பகிருமாறு பணித்தார். ஐரோப்பிய ஒன்றியமோ 2017ஆம் ஆண்டிலேயே, தன் விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்துப் பிறருடையதைக் கீழே தள்ளியமைக்காகக் கூகிளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்திருந்தது.

தமிழிலே தேடுவோர் நிலை

இப்போட்டியிலே தமிழ் பேசுவோர் நெடுங்காலம் வேடிக்கை பார்ப்பவராகவே இருந்தனர். அதற்குக் குற்றம் முழுவதும் தேடுபொறிகளைச் சாராது. ஒருங்குகுறி பரவுவதற்கு முன்னர் நம் நாட்டிலே தமிழ் எழுதப் பெரிதும் பயன்பட்டது பாமினி போன்ற எழுத்துருக்கள். அவற்றிலே ‘அம்மா’ என்று எழுதினால் கண்ணுக்கு அம்மா என்றே தோன்றும். கணனியின் உள்ளேயோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே பதிவாகும். தமிழ்ப் பக்கத்தைத் தேடுபொறி திரட்டிச் சென்றாலும் அதற்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. எனவே, எழுதியவை யாவும் இருந்தும் இல்லாதவையாயின. ஒருங்குகுறி பரவிய பின்னரே தமிழ்ச் சொல் தமிழ்ச் சொல்லாக அகப்படலாயிற்று.

இன்னொரு தடையும் உண்டு. ‘வீடு’ என்ற சொல் வீட்டை, வீட்டில், வீட்டுக்கு என்று உருமாறும். ‘மரம்’ மரத்தை, மரத்தின் என்றாகும். இவை ஒன்றே என அறியாத பொறி பாதியைத் தவறவிடும். ரஷ்யர் தம் மொழியின் இலக்கணத்தைப் பொறிக்குக் கற்பித்து வெற்றிகண்டதை மேலே கண்டோம். அதனினும் முக்கியமானது, தேடினால் கிடைப்பதற்குத் தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது. இல்லாத நீரை எந்த வாளியும் மொண்டு தராது. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணைய நூல்நிலையம் ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் படம்பிடித்துச் சேர்த்து வைத்திருப்பது இவ்வகையிலே போற்றத்தக்க பணி.

தேடித் தருவதா, விடை தருவதா?

2022 நவெம்பரில் ‘சற்ஜிபிரி’ என்னும் உரையாடும் பொறி வெளிவந்ததும், உறங்கிய போட்டி மீண்டும் விழித்துக்கொண்டது. 2023 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் அதே இனப் பொறியொன்றைப் பிங்குடன் இணைத்தது. கூகிளும் அதே வாரத்தில் ‘பார்ட்’ என்னும் பொறியை அவசரமாக அறிவித்தது. அவ்வறிவிப்பிலே ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியைப் பற்றிய விடையொன்று பிழையாயிருந்தமை வெளிப்படவே, தாய்க் கம்பனியின் பங்குப் பெறுமதி ஒரே நாளில் சுமார் 10,000 கோடி டொலர் சரிந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவிலே தேடல் விடைகளுக்கு மேலே பொறியே எழுதிய சுருக்கத்தை வைக்கத் தொடங்கியபோது, பீட்சாவிலே பாற்கட்டி வழுக்காதிருக்கப் பசை சேர்க்கலாம் என்று அது ஒருவருக்குச் சொல்லிய செய்தி உலகெங்கும் நகைப்புக்கு இடமாயிற்று. யாரோ வேடிக்கையாக எழுதி வைத்ததை அது மெய்யென்று எடுத்துக்கொண்டது.

பிழைகள் நாளடைவிற் குறையலாம். ஆனால் முன்னர் நினைவில் இருத்திய முரண்பாடு இப்போது புதுவடிவில் வந்து நிற்கின்றது. தேடுபொறி வழிகாட்டியது; நாமே நடந்து சென்று பார்த்தோம். விடைபொறியோ நம்மை வாசலிலேயே இருத்தி, பலர் எழுதியவற்றைச் சேர்த்து அரைத்துத் தானே ஊட்டிவிடுகின்றது. எழுதியவரின் பக்கத்துக்குச் செல்வோர் குறைந்தால், எழுதுவோருக்கு எழுதும் ஊக்கம் எங்கிருந்து வரும்? எழுதுவோர் ஓய்ந்துவிட்டால் பொறிக்கு உணவு எங்கிருந்து வரும்? எக்சைட்டும் லைக்கோஸும் வருபவரை மறித்து நிற்க முயன்று தோற்றன. அன்று வழிவிட்டு நின்று வென்ற கம்பனியும் இன்று மறித்து நிற்கும் வரிசையிற் சேர்ந்துவிட்டது.

மாணவர்க்குச் சில வார்த்தை

முப்பது ஆண்டுக் கதை நமக்கு உணர்த்துவது ஒன்று. தேடுபொறிகள் நமக்கு நன்மை செய்தது, நாம் அவற்றை விட்டு வேறிடத்துக்குப் போகக்கூடும் என்ற அச்சம் அவற்றுக்கு இருந்த காலத்திலேதான். அவ்வச்சத்தைக் காத்து வைத்திருப்பது நீதிமன்றங்களின் கடமை மாத்திரமன்று. தேடுகின்ற ஒவ்வொருவருடைய விரலின் கடமையுமாகும்.

ஆகவே மாணவர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் நன்று. முதலில் நிற்கும் விடைக்கு மேலே ‘விளம்பரம்’ என்ற சிறு குறிப்பு உண்டா எனப் பாருங்கள். பொறி எழுதித் தரும் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், அது எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டதோ அப்பக்கத்தைத் திறந்து, எழுதியவர் யார், எழுதிய ஆண்டு எது என்று நோக்குங்கள். மருந்து, சட்டம், பரீட்சை ஆகியவற்றைப் பற்றிய செய்தியானால் ஒரே கேள்வியை வேறொரு பொறியிலும் கேட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். பின்னர் அதனை அறிந்த பெரியவர் ஒருவரிடமும் விசாரியுங்கள். தமிழிலே ஒரு விடயத்தைத் தேடிக் காணாவிட்டால், அறிந்த பின்னர் அதனைத் தமிழில் நீங்களே எழுதி வையுங்கள். நாளை தேடிவரும் இன்னொரு பிள்ளைக்கு அது முதல் விடையாக அமையக்கூடும்.